மழைத்தண்ணீர் தின்ற போட்: 1977ஆம் ஆண்டு மோட்டர் போட் ஒன்றை வீட்டுக் கராஜில் மீட்ட விபரம்

ஃபைபர் போட் உக்காது என்று சொல்வது சரிதான். ஆனால் 1970களில் வட அமெரிக்காவில் கட்டிய குடும்பப் போட்டுகளில் பெரும்பாலானவை முழுக்க ஃபைபர் அல்ல. வெளி ஓடு ஃபைபர். அதை விறைப்பாக வைத்திருப்பது உள்ளே இருக்கும் மரம். இயந்திரம் தொங்கும் பின்பலகை பிளைவுட், அடியில் நீளமாக ஓடும் ஸ்ட்ரிங்கர்கள் மரம், தளமும் பிளைவுட். இவற்றின் மேல் ரெசின் என்ற இறுகும் பிசினையும் மாட் என்ற கண்ணாடிநார் விரிப்பையும் போட்டு மூடியிருப்பார்கள். அந்த மூடலில் எங்காவது ஓர் ஆணித்துளை திறந்திருந்தால் போதும், போட் உள்ளிருந்து சாகத் தொடங்கும். வெளியே பளபளப்பாகவே இருக்கும்.

இங்கே எழுதுவது அப்படி உள்ளே செத்துப்போயிருந்த ஒரு போட்டைப் பற்றி. 17 அடி நீளம், அமெரிக்காவில் கட்டியது. பின்பலகையின் வலது மேல்மூலையில் பதித்திருந்த உடல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 0477, அதாவது 1977 ஏப்ரல். இயந்திரம் மெர்க்குரூசர் 140: ஜெனரல் மோட்டர்ஸின் நாலு சிலிண்டர் 3.0 லீற்றர் இயந்திரம் போட்டுக்குள்ளே, உந்துவிசிறியைத் தாங்கும் உந்துகால் பின்பலகைக்கு வெளியே. இந்த உள்ளே-வெளியே அமைப்பை வொல்வோ பென்டா 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மெர்க்குரூசர் 1961இல் வந்தது. அதே 3.0 லீற்றர் இயந்திரம் பல தசாப்தங்கள் தயாரிப்பில் இருந்ததால் இன்றும் பாகத்துக்குக் குறைவில்லை. பழைய போட் வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஃபைபரை நாமே கட்டலாம், கியர் சில்லை வீட்டில் வார்க்க முடியாது.

போட்டை வாங்கியவர் எனக்கு அண்ணை முறை. இளம் வயதில் காரைநகரில், நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் படகுத்தளத்தில் ரெசின் வேலை பழகியவர். இப்போது ரொறன்ரோவுக்கு வடக்கே, மார்க்கத்தில் இருக்கிறார். இரண்டு கார் நிற்கும் கராஜ், முன்னால் சரிவான ட்ரைவ்வே. வேலை முழுக்க அந்த இடத்தில்தான் நடந்தது. கைக்குக் கை கொடுக்கவும் அளவெடுத்து எழுதவும் நான் நின்றேன்.

போட்டைக் கொண்டுவந்து நிறுத்தியதும் நான் பெயின்ற் நிறத்தைப் பற்றிக் கேட்டேன். அண்ணை சிரிக்கவில்லை. "தம்பி, பெயின்ற் கடைசி வேலை. தண்ணி எதால உள்ள போனது எண்டதை முதல்ல பிடிக்கோணும்," என்றார். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கேள்விதான் அடி.

முதலில் சுத்தியலின் பிளாஸ்டிக் பிடியால் பின்பலகை முழுக்கத் தட்டினோம். மேல் மூலைகளில் கணீரென்று கேட்டது. நடுவிலிருந்து கீழே வர வர சத்தம் மந்தமாகியது. சத்தத்தை மட்டும் நம்ப முடியாது; துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும். கால் அங்குல அலகில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றி, வெளி ஓட்டைத் தொடாமல் உள்பக்கத்திலிருந்து துளைத்தார். இடது மேல்மூலையில் வெளிர் மஞ்சளாக, சுருள் சுருளாக, காய்ந்த மரத்தூள் வந்தது. ஒரு சாண் கீழே தூள் கபில நிறம், கையில் ஒட்டியது. உந்துகாலுக்காக வெட்டிய பெரிய துவாரத்தின் ஓரத்தில் அலகை வைத்தபோது தூளே வரவில்லை. கறுத்த களி வந்தது, அதன் பின்னாலே அலகு வழியே தண்ணீர் வடிந்தது, புளித்த இலைக்குப்பை மணத்தோடு. ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் சோக்கால் காய்ந்தது, ஈரம், செத்தது என்று எழுதிக்கொண்டு போனோம். முடிவில் பலகையின் கீழ்ப்பாதி முழுக்கச் செத்தது என்றே எழுதியிருந்தது. அதில் தொங்கிக்கொண்டிருந்தது உந்துகாலோடு சேர்த்து 300 கிலோவை நெருங்கும் இயந்திரம்.

இயந்திரத்தைத் தூக்கி எடுத்து, உள்பக்க ஃபைபர்த் தோலை வெட்டிக் கழற்றியதும் தண்ணீர் வந்த வழி மரத்திலேயே எழுதியிருந்தது. கறுப்புக் கோடுகள் நாலு இடத்தில் தொடங்கிக் கீழே விரிந்தன. ஒன்று, அடித்தண்ணீரை வடிக்கும் பித்தளைக் குழாய். அதன் உதடு இறுகி உட்காராமல் விளிம்பில் வெறும் மரம் தெரிந்தது. இரண்டு, ஆழம் காட்டும் கருவிக்காக முன்பு யாரோ அடித்த திருகாணிகள். துளைகளில் ஒட்டுப்பசை எதுவுமில்லை. மூன்று, உந்துகால் துவாரத்தின் வெட்டு ஓரம். நாலாவது, சறுக்குவிளையாட்டுக் கயிறு கட்டும் வளையம். இயந்திரத்தைத் தாங்கும் பெரிய போல்ட்டுகளைச் சுற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. போட்டைக் கொன்றவை சின்னத் துளைகள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். இந்தப் போட் ஏரியில் மிதந்த காலத்தில் கெட்டதைவிட, வளவில் சும்மா நின்ற காலத்தில் கெட்டதே அதிகம். மரத்தை உக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு மரத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் ஈரமும் கொஞ்சம் காற்றும் வேண்டும். உப்புத்தண்ணீர் அதைத் தடுக்கும், மழைத்தண்ணீர் வளர்க்கும். தறப்பாள் நடுவில் குழிந்து, பனி உருகி உள்ளே இறங்கி, தளத்தில் ஒட்டிய கம்பளம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஒன்டாரியோவில் குளிர்காலமும் சேர்ந்துகொள்கிறது. உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் அளவுக்குப் பெருக்கும். பிளைவுட்டுக்கும் ஃபைபர்த் தோலுக்கும் இடையில் நின்ற ஈரம் உறைந்து இரண்டையும் பிரிக்கும். அடுத்த மாரிக்கு அந்த இடைவெளியில் இன்னும் தண்ணீர்.

தளத்தை வெட்டித் திறந்தபோது நிலைமை பின்பலகையைவிட மோசம். ஸ்ட்ரிங்கர்களின் ஃபைபர் உறை முழுசாக இருந்தது. மேலே கீறிப் பார்த்தால் உள்ளே மரம் இல்லை, தண்ணீரும் கறுப்பு நாரும் மட்டும். தளத்துக்கும் ஓட்டுக்கும் இடையில் ஊற்றியிருந்த நுரை மேலே காய்ந்தும் அடியில் ஊறியும் கிடந்தது. மிதப்புக்குப் போடும் பொலியூரத்தேன் நுரை ஒரு கன அடிக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. அதே கன அடியில் தண்ணீர் ஏறத்தாழ 28 கிலோ. ஊறிய நுரையை மண்வெட்டியால் வெட்டி வாளியில் போட்டபோது, வெறும் ஓடு எந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு திரிந்தது என்பது கைக்குத் தெரிந்தது.

அனுபவமில்லாதவர்கள் அதிகம் போட்டைக் கெடுக்கும் இடம் இதுதான். ஸ்ட்ரிங்கரும் தளமும் போன பிறகு ஓடு மெல்லியதாக, வளைந்துகொடுக்கும் பொருளாக இருக்கிறது. ட்ரெய்லரின் இரண்டு மரக்கட்டைகளில் அப்படியே விட்டால் சொந்தப் பாரத்தில் இறங்கிவிடும். அந்த இறக்கத்தின் மேல் புது ஸ்ட்ரிங்கரை ஒட்டினால் கோணல் நிரந்தரமாகிவிடும். அடிப்பக்கம் பின்னால் உள்நோக்கிக் குழிந்தால் ஓடும்போது மூக்கு கீழே அழுத்தும். வெளியே பிதுங்கினால் போட் தவளைபோலக் குதித்துக் குதித்து ஓடும். ஆகவே ஒரு வெட்டுப் போடுவதற்கு முன்பே, ஓட்டின் வெளிவடிவத்துக்கு வெட்டிய பிளைவுட் சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக அடியில் நிறுத்தினோம். பின்பக்கக் கடைசி ஐந்தடிக்கு நேர்க்கோல் வைத்துப் பார்த்து, நேராக இருப்பதை எழுதிவைத்தோம். ஸ்ட்ரிங்கர்களை ஒரே நாளில் எல்லாம் எடுக்கவில்லை. ஒரு பக்கம் எடுத்து, புதிதை வைத்து, காய்ந்த பிறகே மறுபக்கம். மேல்மூடியையும் கழற்றவில்லை. இடம் கிடைக்கும் என்று பலர் கழற்றுவார்கள், ஆனால் ஓட்டின் அகலத்தைப் பிடித்துவைத்திருப்பது அதுதான். பின்பலகைக்கு மேலிருந்த பட்டியை மட்டும் வெட்டி எடுத்து, பிறகு அதே துண்டைத் திரும்ப ஒட்டினோம்.

எந்த ரெசின் என்பதில் அண்ணைக்கும் எனக்கும் வாக்குவாதம். அவர் கை பழகியது பொலியெஸ்டர். மலிவு, சீக்கிரம் இறுகும், கரையோரம் எங்கும் அதில்தான் படகு கட்டுகிறார்கள். ஆனால் அங்கே வெயில் முப்பது பாகையில் உதவிக்கு நிற்கிறது. "காரைநகரில மத்தியானம் கலக்கினா வாளிக்குள்ளயே இறுகிப்போம். இங்க சித்திரையில விடியுமட்டும் பச்சையாக் கிடக்குது," என்று ஒரு சின்னப் பரீட்சைக்குப் பிறகு அவரே சொன்னார். பதினைந்து பாகைக்குக் கீழே பொலியெஸ்டரை நம்பக்கூடாது. அதோடு அதன் ஸ்டைரீன் ஆவி, வீட்டோடு ஒட்டிய கராஜில் சுவருக்குள்ளாலே படுக்கையறைக்குப் போய்விடும், தீப்பிடிக்கவும் கூடியது. எனக்கு இதைவிட முக்கியமானது வேறு: பழைய, காய்ந்த ஃபைபரின்மேல் புதிதாக ஒட்டும்போது எப்பொக்சி என்ற மற்ற வகை ரெசினின் பிடி பலமானது. விலை கூட. கடைசியில் எப்பொக்சி என்று முடிவானது.

அந்த முடிவோடு இரண்டு கட்டுப்பாடுகள் வந்தன. நறுக்கிய நாரால் ஆன வழக்கமான மாட்டைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எப்பொக்சியில் சரியாக நனையாது. அதனால் 17 அவுன்ஸ் குறுக்குநெசவுத் துணியையும் மெல்லிய மாட்டையும் பசையில்லாமல் சேர்த்துத் தைத்த 1708 என்ற துணியை வாங்கினோம். மற்றது, எப்பொக்சிக்கு மேலே பொலியெஸ்டரோ, போட்டின் பளபளப்பான வெளிப்பூச்சான ஜெல்கோட்டோ நன்றாக ஒட்டாது. எனவே வெளிப்பூச்சு இருபாகப் பொலியூரத்தேன் பெயின்ற் என்பதும் அன்றே தீர்ந்துவிட்டது.

பழைய ஃபைபரை அரைப்பது இந்த வேலையிலேயே கொடிய பகுதி. ட்ரைவ்வேயில் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, முழு உடையும் வடிகட்டி முகமூடியும் போட்டு, அயலவருக்கு முதலே சொல்லிவிட்டுச் செய்தோம். அரைத்த பிறகு குளிர்ந்த தண்ணீரில் கழுவ வேண்டும். இது அண்ணை படகுத்தளத்தில் படித்த பாடம். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. பொறுமைதான்.

புதுப் பின்பலகைக்கு கடற்தரப் பிளைவுட் இரண்டு, ஒவ்வொன்றும் 19 மில்லிமீற்றர். எப்பொக்சியில் சிலிக்காத் தூள் கலந்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்து, பல்லுக் கரண்டியால் வாரி, ஒன்றோடொன்றும் வெளித்தோலோடும் ஒட்டினோம். நெருக்குவதற்குத் தடித்த மரச் சட்டங்கள் குறுக்கே வைத்து, துவாரத்தின் வழியாகவே போல்ட் போட்டு இறுக்கினோம். புதுத் துளை ஒன்றும் போடவில்லை. நாலு ஓரத்திலும் பசை பிதுங்கி வந்தால்தான் உள்ளே காற்று நிற்கவில்லை என்று அர்த்தம். பிறகு மூலைகளை உருட்டி நிரப்பி, 15, 20, 25 சென்ரிமீற்றர் என்று படிப்படியாக அகலமாக்கிய துணிகளால் பலகையை ஓட்டோடு கட்டினோம். மெர்க்குரூசருக்கு இங்கே கண்டிப்பான அளவு உண்டு. இரு பக்க ஃபைபர்த் தோலும் சேர்த்துப் பலகை 51க்கும் 57க்கும் இடைப்பட்ட மில்லிமீற்றர் தடிப்பாக இருக்க வேண்டும், இரண்டு முகமும் 3 மில்லிமீற்றருக்குள் சமாந்தரமாக இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் ரப்பர் முத்திரை இறுகாது. வெளித்தோல் பழையதே என்பதால் உடல் எண்ணும் அப்படியே நின்றது. வெளியிலிருந்து வெட்டுவது சுலபம், ஆனால் அந்த எண்ணை அழித்துவிட்டு உரிமப் பத்திரத்துக்கு அலைவது சுலபமல்ல.

பிறகு துளைகள். முழு மீட்பிலும் நான் அதிகம் மதிக்கும் வேலை இதுதான். 6 மில்லிமீற்றர் போல்ட் போக வேண்டிய இடத்தில் 12 மில்லிமீற்றர் துளை போட்டு, அதைக் கெட்டி எப்பொக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு நடுவில் 6 மில்லிமீற்றர் துளைத்தோம். போல்ட்டைச் சுற்றி 3 மில்லிமீற்றர் எப்பொக்சிச் சுவர். ஒட்டுப்பசை ஒருநாள் விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. வடிகுழாய், கயிற்று வளையம், இருக்கைகளின் கால், தளத்தில் வரும் ஒவ்வொரு திருகாணி, எல்லாவற்றுக்கும் இதே முறை. ஆழம் காட்டும் கருவிக்கு மட்டும், பின்பலகையில் முன்கூட்டியே ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் கட்டை. இனி யார் என்ன கருவி மாற்றினாலும் ஆணி அந்தக் கட்டைக்குள் மட்டுமே போகும். கம்பளம் திரும்ப வரவில்லை. தளத்துக்கு மணல் தூவிய பெயின்ற்.

நுரை வேண்டுமா என்பதில் நான் வேண்டாம் என்றேன். அது நனைந்து கிடந்ததைக் கண்ட எவரும் அப்படித்தான் சொல்வார்கள். அண்ணை விடவில்லை. இருபது அடிக்குக் குறைந்த இத்தகைய போட்டுகள் தண்ணீர் நிரம்பினாலும் முற்றாக மூழ்கக்கூடாது என்று அமெரிக்க விதி கேட்பதால்தான் அது அங்கே ஊற்றப்பட்டது. பேரப்பிள்ளைகள் ஏறப்போகும் போட்டில் அதை எடுத்துவிடுவது சரியல்ல என்றார். அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் ஊற்றிய விதத்தை மாற்றினோம். அடிநடுவில் முழு நீளத்துக்கும் திறந்த வாய்க்கால் விட்டு, ஒவ்வொரு அறையிலிருந்தும் அதற்குக் குழாய் வைத்து, குழாயின் இரு வாயையும் சுற்றியுள்ள ஓரத்தை எப்பொக்சியால் அடைத்தோம். வீட்டுச் சுவருக்குப் போடும் பொலிஸ்ரைரீன் பலகை மலிவென்று சிலர் செருகுகிறார்கள். பெற்றோல் பட்டால் அது கரைந்துவிடும். பெற்றோல் தாங்கி இருக்கும் போட்டுக்குள் அதற்கு இடமில்லை.

அந்தத் தாங்கி அலுமினியம், தளத்துக்கு அடியில் நுரையில் புதைந்திருந்தது. மேலே புதுசுபோல இருந்தது. ஈர நுரை ஒட்டியிருந்த அடிப்பக்கத்தில் ஊசிக்குழிகள், சில துளையாகும் நிலையில். பார்த்தவுடனே புதியது வாங்கினோம். இம்முறை நுரையில் புதைக்காமல், சுற்றிக் காற்றுப் போக ரப்பர்த் துண்டுகளில் உட்காரவைத்தோம்.

இயந்திரம் எதிர்பார்த்ததைவிட நல்லது. முந்தைய சொந்தக்காரர் எவரோ ஒவ்வொரு மாரிக்கும் முன் தண்ணீரை ஒழுங்காக வடித்திருக்கிறார். இல்லாவிட்டால் இயந்திர உடல் உறைந்து வெடித்திருக்கும். வடிதிருகைக் கழற்றியபோதும் தண்ணீர் வரவில்லை. கம்பியால் குத்தியதும் துருச்சேறு உடைந்து கொட்டியது. திருகைக் கழற்றினால் போதாது, கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டரும் அல்ட்டர்னேட்டரும் மாற்ற வேண்டி வந்தபோது, கார்க்கடையில் அதே உருவத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். வேண்டவே வேண்டாம். போட்டுக்கானவை தீப்பொறி வெளியே வராதபடி மூடியவை. காரில் கசியும் பெற்றோல் ஆவி தெருவில் கலைந்துவிடும்; போட்டில் அது காற்றைவிடக் கனமாகப் போய் அடியில் தேங்கும். அதனால்தான் அந்த ஆவியை வெளியேற்றும் ஊதியை நாலு நிமிடமாவது ஓடவிட்டு, மூடியைத் திறந்து மணந்து பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இயந்திரத்தை இறக்கிய பிறகு நேர்படுத்தல். பின்பக்கம் இயந்திரம் பின்பலகைத் தட்டில் உட்காரும். முன்பக்கத் தாங்கியை உயர்த்தித் தாழ்த்தி நேர் பார்க்க வேண்டும். இதற்கென்று நீளமான உருளைக்கம்பி ஒன்று உண்டு. வெளியிலிருந்து பெயரிங்குக்குள்ளால் விட்டால், இயந்திரத்தின் பல்லிணைப்புக்குள் போய் உட்கார வேண்டும். கம்பி நுனியில் மெல்லிசாகக் கிறீஸ் பூசி விட்டு எடுத்தார் அண்ணை. பல்லுத் தடம் மேற்பக்கம் மட்டும் ஆழமாக விழுந்திருந்தது. முன்தாங்கியில் கால் சுற்று. திரும்ப விட்டார், திரும்பப் பார்த்தார். தடம் சுற்றிவர ஒரே அளவாக விழுந்து, கம்பி இரண்டு விரலின் தள்ளலில் உள்ளே போய் வந்தபோது ஸ்பானரைக் கீழே வைத்தார். பழைய ஸ்ட்ரிங்கர்களை உடைப்பதற்கு முன் தாங்கியின் உயரத்தை மூன்று இடத்திலிருந்து அளந்து வைத்திருந்ததால்தான் இது ஒரு பின்னேரத்தில் முடிந்தது. உந்துகாலின் ரப்பர் உறைகள் எல்லாம் புதிது. அவற்றில் ஒன்று கிழிந்தால் ஏரி நேரே உள்ளே வரும், அதனால் பழையது நன்றாக இருக்கிறதே என்ற பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர்ப் பம்பின் சில்லும் புதிது.

பெயின்ற் கடைசியில்தான் வந்தது. வெள்ளை, பக்கத்தில் ஒரு நீலக்கோடு. ரோலரால் உருட்டித் தூரிகை நுனியால் தடவி அடித்தது, இரண்டு மீற்றர் தள்ளி நின்றால் ஸ்ப்ரே அடித்ததுபோல இருக்கும்.

பத்துக் குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள போட்டுக்குக் கனடாவில் உரிமம் வேண்டும், ஓட்டுபவருக்குத் தகுதி அட்டை வேண்டும். இரண்டும் கையில் வந்த பிறகு ஸ்கூகொக் ஏரியில் இறக்கினோம். ஆழம் குறைந்த ஏரி, ஏதும் நடந்தாலும் கரை கிட்ட. முதல் அரைமணி நேரம் கயிற்றில் கட்டியபடியே விட்டு, டோர்ச் அடித்து ரப்பர் உறையையும் வடிகுழாயையும் பார்த்தோம். பிறகு மெதுவாக, பிறகு முழு வேகத்தில். போட் எழும்பி நேராக ஓடியது. மூக்கு அழுத்தவில்லை, குதிக்கவில்லை. கரைக்கு வந்து ட்ரெய்லரில் ஏற்றிப் போட்டின் வடிதிருகைக் கழற்றினோம். வந்தது ஒரு கோப்பைத் தண்ணீர் மட்டும்.

செலவைக் கேட்பவர்களுக்கு நேரான பதில்: எப்பொக்சி, துணி, தாங்கி, உந்துகால் பாகங்கள் எல்லாம் சேர்த்தால் போட் வாங்கிய விலையைப் பலமடங்கு தாண்டியது, விற்றால் அந்தக் காசு திரும்ப வராது. இலாபத்துக்கு இதைச் செய்யக்கூடாது. ஓட்டின் வடிவம் நேராக இருந்து, இயந்திரத்துக்குப் பாகம் கிடைத்து, மழை படாத இடமும் இருந்தால் செய்யலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

இப்போது போட் வீட்டு ஓரத்தில் நிற்கிறது, மூக்கைத் தூக்கி, வடிதிருகைக் கழற்றி, நடுவில் முகடு வைத்துச் சரிவாக இழுத்த தறப்பாளின் கீழ், இரு முனையிலும் காற்றுக்கு வாய் விட்டு. முதல் மாரி கழிந்து பின்பலகையை மறுபடி தட்டிப் பார்த்தோம், மூலைக்கு மூலை ஒரே சத்தம். மிச்சம் இருப்பது முன்கண்ணாடியின் அடிச்சட்டம். அங்கேயும் திருகாணிகள் வெறும் துளையில்தான் இருக்கின்றன. பனி உருகியதும் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, துளையைப் பெருப்பித்து நிரப்ப வேண்டும்.